பாவு அறுந்துடுச்சு

“ஹலோ... ஆமா, தீபாதான் பேசறேன். சொல்லுங்க... ம்... ம்... இன்னாது, சத்தமா? மாவு மில்லுங்க, பக்கத்துல. இருங்க, ஜன்னல சாத்தறேன்... ம், இப்ப சொல்லுங்க.”

மாவு மில் எதுவும் இல்லை. கீழ்வீட்டில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தறி என்று வாய் தவறிச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும். போனில் அவள் தீபா, வேலூர்க்காரி. ஆரணி கொசப்பாளையத்தில் இந்த மாடி வீட்டுக்கு வாடகை கொடுக்கிற அபிதகுசாம்பாளும் அவளேதான், ஆனால் வேறொருத்தி மாதிரி. அக்கம்பக்கத்தில் அவளை அபி என்பார்கள். வேலூரில் வீட்டோடு நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களைச் சந்திக்க வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் பஸ் ஏறுகிறவள் தீபா. அவளுக்குத் தரகர் கிடையாது, நடுவில் ஆள் கிடையாது. அதனால் வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்கிற வேலையும் அவளுடையதுதான். அதை அவள் காதை வைத்துத்தான் செய்வாள். வருகிற அழைப்பெல்லாம் போனில் தானாகவே பதிவாகும்படியும் வைத்திருந்தாள். கதவைத் திறந்த பிறகு முகத்தைப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

“பேரு?... ஹேமநாத். சரிங்க. எங்கேர்ந்து பேசறீங்க?... பெங்களூரா. ம்... இல்லங்க, நான் வேலூரு... ஆரணின்னு யாரு சொன்னா?... அப்படியா. தப்பா சொல்லியிருக்காங்க.”

காதில் மாட்டியிருந்த ஒயரை அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திக்கொண்டாள்.

“என் நம்பர் உங்களுக்கு யாரு குடுத்தாங்க?... இல்ல, எல்லாரையும் கேக்கறதுதான். கோச்சிக்காதீங்க... ம்...”

“...துர்காவா?”

கீழே தறிகள் நிற்கவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு கணம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

“...இருக்கேன், சொல்லுங்க. எந்த துர்கா?... ஆமா, கலசப்பாக்கத்துப் பொண்ணு. தெரியும்... நல்லாவே தெரியும். எப்ப குடுத்தா நம்பர?... கொஞ்ச நாளாச்சா. ம்... ஆமா, அவ இப்ப போன் எடுக்கறதில்ல. ஊருக்குப் போயிட்டா.”

துர்காவைத் தை மாதத்தில் எரித்தாயிற்று. போளூர் போகிற வழியில் ஏரித் தண்ணீரில் கிடந்தாள் என்றார்கள். தீராத வயிற்று வலியால் தற்கொலை என்று போலீஸில் எழுதி முடித்தார்கள். அவளுடைய போன் மட்டும் கிடைக்கவே இல்லை. அவளுடைய அம்மா பாஞ்சாலை இன்றுவரை பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். “எம் பொண்ணுக்கு வயிறே வலிச்சது கெடயாதும்மா. மாசாமாசம்கூட அவ படுத்தது கெடயாது.” வேலூரில் இந்தத் தொழில் செய்கிற பெண்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் வக்கீல் ஸ்வர்ணலதா, அபி சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, துர்கா கடைசியாக யாரைப் பார்க்கப் போனாள் என்று கேட்டார். அபிக்குத் தெரியவில்லை. ஒரு முகம், ஒரு வண்டி, ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு வழக்கை மறுபடியும் திறக்க வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை.

இவன் சும்மா ஒரு கஸ்டமராகவும் இருக்கலாம். துர்கா எத்தனையோ பேருக்கு அபியின் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அபியும் துர்காவின் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அதனால் எல்லாரிடமும் கேட்பதை இவனிடமும் கேட்டாள்.

“ஒரு நிமிஷம்ங்க. துர்கா நம்பர் குடுத்தா கூடவே ஒரு வார்த்த சொல்லி அனுப்புவா. உங்ககிட்ட சொன்னாளா?... ஆமா, பாஸ்வேர்டு மாதிரிதான். இதுல சிரிக்க இன்னா இருக்குது... யோசிச்சு சொல்லுங்க. ஜல்தி ஒண்ணும் இல்ல.”

அந்த ஏற்பாடு துர்காவுடைய மூளையில் உதித்தது. இருவரும் பழக்கமானது ஒரு தறிப்பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றியபோது. பட்டறை போய்விட்டது, அங்கே பேசிய பேச்சு மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. நல்ல மாதிரி நடந்துகொண்ட ஆளை இன்னொருத்தியிடம் அனுப்பும்போது, ‘பாவு ஓடுது’ என்று அவளிடம் சொல்லுங்கள், உடனே நம்பிவிடுவாள் என்று சொல்லி அனுப்ப வேண்டும். கெட்டவன் நம்பர் கேட்டு அரித்தால் மாட்டேன் என்று சொல்லி அடி வாங்கக் கூடாது. சிரித்துக்கொண்டே நம்பரைக் கொடுத்துவிட்டு, ‘பாவு அறுந்துடுச்சு’ என்று சொல்லச் சொல்ல வேண்டும். அவனும் அதைச் சாவி என்று நினைத்து மனப்பாடம் செய்துகொண்டு வருவான்.

தறிக்காரர் வாயில் அந்தப் பேச்சு வராது. பாவு என்பது தறியில் நீளவாட்டில் கட்டிய மொத்த நூலும். அதில் ஓர் இழை அறும். நாள் முழுக்க அறும், முடிச்சுப் போட்டுப் புணைத்துக்கொண்டே இருப்பார்கள். பாவு மொத்தமாக அறாது. விளையாட்டுக்குச் சொன்னால்கூட, வாயைக் கழுவு என்பார்கள் பட்டறையில். அதனால்தான் துர்கா அதைத் தேர்ந்தெடுத்தாள். தற்செயலாக யாரும் சொல்லிவிட முடியாத வார்த்தை. “அவன் நெத்தியிலயே எழுதி அனுப்பறோம்டி,” என்பாள். “கண்ணாடிய மட்டும் நாம வெச்சிக்கிறோம்.”

“...இன்னா சொன்னீங்க?”

“...இன்னொரு வாட்டி சொல்லுங்க. மெதுவா.”

“பாவு... ம்... அறுந்துடுச்சு. அப்படியேதான் சொன்னாளா? ‘ஓடுது’ன்னு எதுனா சொல்லல?... நல்லா ஞாபகம் இருக்குதா உங்களுக்கு?... ரெண்டு வாட்டி சொன்னாளா. மறந்துடாதீங்கன்னு சொன்னாளா... ஓ. உங்கள திருப்பிச் சொல்லச் சொன்னாளா.”

அபி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

இதற்கு முன்பும் அந்த வார்த்தையோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் துர்கா அன்று மாலையே போன் செய்துவிடுவாள். இன்னாருக்கு உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், கதவைத் தாழ் போட விடமாட்டேன் என்றதும் முகம் எப்படிப் போனது பார், போனை எங்கே ஒளித்து வைத்தான் பார் என்று நடித்துக் காட்டுவாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்த ஆளைப் பற்றி மட்டும் அப்படி ஒரு மாலை வரவில்லை. அப்படியென்றால் அவள் இதைச் சொன்னது எந்த நாள் என்று அபிக்குத் தெரிந்துவிட்டது.

வார்த்தை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவர்கள் பேசி வைத்ததுதான். லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். நம்பரைத் தடை செய்துவிட வேண்டும். ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. அபியின் கட்டைவிரல் சிவப்பு வட்டத்தின் மேல் போய் நின்றது. வைடி போன, என்றாள் துர்கா. அறையில் யாரும் இல்லை. ஆனால் வைடி என்பதில் அந்த ‘டி’ எப்போதும் போலக் கொஞ்சம் நீண்டிருந்தது.

வைத்துவிட்டால் அவன் மறுபடியும் யாரோ ஆகிவிடுவான். நாளைக்கு இந்த நம்பரே இருக்காது. துர்கா சொல்லி அனுப்பியது ஒரு பெண்ணைக் காப்பாற்றியிருக்கும், அவ்வளவுதான். வயிற்று வலி வயிற்று வலியாகவே இருக்கும்.

“...இருக்கேன், இருக்கேன். தண்ணி குடிச்சேன்... ஆமாங்க, சரியான வார்த்ததான். அதான் அவளே சொல்லி அனுப்பிட்டாளே... சந்தேகமா? அய்யோ, இல்லங்க. ரெண்டு மூணு விஷயம் மட்டும் கேட்டுக்கிறேன். எங்க வழக்கம் அது.”

“இன்னா வேல பாக்கறீங்க?... பிசினஸ். இன்னா பிசினஸ்?... ம், சரி, வேணாம். கார்ல வருவீங்களா?... இல்ல, நான் கார்ல ஏறமாட்டேன். லாட்ஜுதான். நான் சொல்ற லாட்ஜு. உங்க ஆதார் கார்டு குடுத்து ரூம் எடுக்கணும்... அது இன்னாத்துக்குன்னா, அப்படித்தான்... ஒரே ஒரு நிமிஷம் வீடியோ கால் வாங்க, மூஞ்சி பாத்துக்கிறேன்... ஏங்க?... நம்பிக்க இல்லாம இல்லங்க...”

என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்கிறவர்களை அவள் நிறையக் கேட்டுவிட்டாள். ஒழுங்கான ஆட்கள் கொஞ்சம் சங்கடப்படுவார்கள், பிறகு சரி என்று சொல்லிவிடுவார்கள். பயந்தவர்கள் போனை வைத்துவிடுவார்கள். இவன் கோபப்படவும் இல்லை, சங்கடப்படவும் இல்லை. மென்மையாகப் பேசினான். ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல நின்று நிதானித்துச் சொன்னான். துர்காவிடமும் இதே மாதிரிதான் பேசியிருப்பான் என்று அபி நினைத்தாள். இதே குரல் அவள் காதில் விழுந்திருக்கிறது. இப்போது அதே குரல் தன் காதில் இருக்கிறது. ஒரே தட்டில் சாப்பிட்டதுபோல இருந்தது.

“சரி, அத வுடுங்க. துர்காவ எங்க பாத்தீங்க நீங்க?... ம்... போளூர்கிட்டயா. கார்லயா... சும்மா கேட்டேங்க. ரொம்ப நாளாச்சு அவள பாத்து. எப்படி இருந்தா அன்னிக்கு?”

“...சிரிச்சாளா.”

“...சிரிச்சிகினே சொன்னாளா, அந்த வார்த்தய.”

அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். காருக்குள் துர்கா சிரிப்பது தெரிந்தது. மேல் உதட்டைக் கொஞ்சமாகத் தூக்கி, பக்கவாட்டுப் பல் தெரியச் சிரிப்பாள். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். தெரிந்துதான், சரியாகச் சொல்கிறானா என்று ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

தறிக்காரர்கள் சாப்பாட்டுக்குப் போயிருக்க வேண்டும். கீழே ஒவ்வொன்றாகத் தறிகள் நின்றன. அந்த அமைதியில் தெருக்கோடியில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ திரும்புவது கேட்டது. “அன்பார்ந்த ஆரணி வாழ் பொதுமக்களே...” ஆரணி என்ற சொல் வாய் திறந்ததுமே வந்துவிட்டது. அபி சட்டென்று இந்தப் பக்கத்துச் சத்தம் அவனுக்குப் போகாதபடி போனை மியூட்டில் போட்டாள். இலவச கண் சிகிச்சை முகாம். பார்வை மங்கலாகத் தெரிகிறதா. ஆட்டோ ஜன்னலுக்குக் கீழே ஊர்ந்து, முனையில் திரும்பிப் போகும் வரை அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். காதில் அவன் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“ஹலோ... கேக்குதுங்களா? கட்டாயிடுச்சு. இந்த சிக்னலே ஒரே பேஜாரு... ம், சொல்லுங்க, எப்ப வரணும்?... ஞாயித்துக்கிழம...”

அப்போதுதான் அது கேட்டது. முதலில் தெருவிலிருந்து வருகிறது என்று நினைத்தாள். தெருவில் சத்தம் தேய்ந்து போயிருந்தது. போனுக்குள்தான் அது வளர்ந்துகொண்டிருந்தது. அவன் குரலுக்குப் பின்னால், அதே ஒலிபெருக்கி, அதே ஆள். அன்பார்ந்த ஆரணி வாழ் பொதுமக்களே. பார்வை மங்கலாகத் தெரிகிறதா.

“...ம்... ம்... ஞாயித்துக்கிழமன்னா... ஆமா, கேட்டுகினுதான் இருக்கேன். பெங்களூர்ல வெயில் எப்படிங்க?... மழையா. குடுத்து வெச்சவங்க.”

மாடிப்படியின் மேல் கதவை அவள் சத்தமில்லாமல் திறந்தாள். மொட்டை மாடியில் வீட்டுக்காரர் சாயம் போட்ட பட்டு நூலை மூங்கில்களில் காயப்போட்டிருந்தார். அரக்கும் மஞ்சளுமாக நூல் கற்றைகள் வரிசையாகத் தொங்கின. அவள் குனிந்து போய் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். கையால் நூலை ஒரு விரல் அகலம் விலக்கினால் முனைத் தெரு தெரிந்தது. ஆட்டோ அங்கே டீக்கடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடைக் கொட்டகைக்குள் ஆண்கள் நின்றார்கள். நிழலில் யாருடைய முகமும் சரியாகத் தெரியவில்லை. யார் கையில்தான் போன் இல்லை.

துர்கா எப்போதோ பேச்சுவாக்கில் ஆரணி என்று சொல்லியிருப்பாள். வீடு தெரியாது அவனுக்கு. தெரிந்திருந்தால் டீக்கடையில் நின்றிருக்க மாட்டான். அபி இதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

“ஹலோ... ஹலோ... விட்டு விட்டுக் கேக்குதுங்க. நீங்க எதுனா கூரைக்குக் கீழ நிக்கறீங்களா?... கொஞ்சம் வெளிய வாங்களேன். தொறந்த எடத்துக்கு...”

கொட்டகையிலிருந்து ஒருவன் வெயிலுக்கு வந்தான்.

“...ம், இப்ப பரவால்ல. இன்னும் கொஞ்சம்... ஆ, அங்கியே நில்லுங்க. இப்ப கணீர்னு கேக்குது.”

நாற்பது வயதுக்காரன். நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு கையில் டீ கிளாஸ். பக்கத்தில் நின்ற சாம்பல் நிறக் காரின் மேல், சொந்தக்காரன் வைக்கிற மாதிரி முழங்கையை வைத்துக்கொண்டான். கல்யாணப் புடவை எடுக்க வந்தவன் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். அவன் வாய் அசைவது முதலில் தெரிந்தது, அதற்குச் சற்றுப் பின்னால் அந்தச் சொல் அவள் காதில் வந்து விழுந்தது. அந்தச் சின்ன இடைவெளிதான் அவளுக்கு மிகவும் பயமாக இருந்தது.

அவள் நூலுக்கு நடுவே போனை நீட்டிப் படம் எடுத்தாள். முகத்தை எடுத்தாள். காரை எடுத்தாள். நம்பர் பலகையைப் பெரிதாக்கி எடுத்தாள். தெளிவாக விழாததால் அதை மறுபடியும் எடுத்தாள்.

“...இல்லங்க, வேற யார்கிட்டயும் சொல்லமாட்டேன். யார்கிட்ட சொல்ல... தனியாத்தான் இருக்கேன்... ம்... வீட்டுல யாரும் இல்ல.”

பேசிக்கொண்டே படங்களை ஸ்வர்ணலதாவுக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரி சேர்த்தாள். துர்காவைக் கடைசியாகப் பார்த்தவன், குரல் பதிவாகிக்கொண்டிருக்கிறது. சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். தெருவின் மாடிகளை ஒவ்வொன்றாக, சோம்பலாகப் பார்த்தான். நூல் காயும் இந்த மாடிக்கும் அவன் பார்வை வந்தது. அரக்கு இழைகள் காற்றில் லேசாக ஆடின. அபி கண்ணை மூடிக்கொண்டாள், கண்ணை மூடினால் அவனுக்குத் தெரியாது என்பதுபோல.

“...வேலூர்தாங்க. சத்தியமா. எத்தன வாட்டி கேப்பீங்க... ஞாயித்துக்கிழம நானே கூப்பிடறேன். எந்த லாட்ஜுன்னு அன்னிக்குத்தான் சொல்லுவேன்... ஆமா, கண்டிப்பா.”

கண்ணைத் திறந்தபோது அவன் மறுபடியும் தன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் நீல டிக் விழுந்திருந்தது. பதில் உடனே வந்தது. வண்டி நம்பர் தெளிவாக இருக்கிறது, இது போதும், கதவைப் பூட்டிக்கொண்டு இரு, நான் கிளம்பி வருகிறேன்.

இது போதும். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பாஞ்சாலையின் முகம் நினைவுக்கு வந்தது. இனி வைத்துவிடலாம். வைடி போன என்று யாரும் சொல்லவில்லை இப்போது.

“...இன்னாது?... அந்த வார்த்தைக்கா. அர்த்தமா?”

கீழே அவன் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவன்போல இருந்தது. இத்தனை மாதம் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். ஒரு எழுத்து மாறாமல், பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான்.

“...அது நெசவுக்காரங்க பேச்சுங்க. ஒருத்தர் எப்படிப்பட்டவருன்னு நல்லாத் தெரிஞ்சிகினா, அத இன்னொருத்தருக்குச் சொல்லி அனுப்பறது... ஆமா, சிபாரிசு மாதிரிதான்... துர்கா உங்கள நல்லாப் புரிஞ்சிகினுதான் அனுப்பியிருக்கா.”

“...ம்... ம்... எனக்குந்தாங்க சந்தோஷம். அவ சொன்னது என்கிட்ட வந்து சேந்துடுச்சு. வெக்கறேன்.”

அவள் சிவப்பு வட்டத்தைத் தொட்டாள். தெருமுனையில் அவன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட ஒரு ஆளைப்போல, அவசரமே இல்லாமல் மீதி டீயைக் குடித்தான்.